காக்கைக் காலும் 5,000 ரூபாயும்

போன தை மாதம் என் மனைவிக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது. சொட்டு மருந்துக் கெடுவெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு நாள் காலை, கண்ணாடி முன்னால் நின்றவள் "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். கண்ணில் ஏதோ கோளாறு என்று பதறி ஓடினேன். "இந்தக் கோடெல்லாம் எப்ப வந்துச்சு?" என்றாள். கண்ணோரம் மூன்று நான்கு ரேகைகள். பத்து வருஷமாக இருப்பவைதான், புரை மறைத்திருந்தது. ஆபரேஷன் செய்துகொண்ட நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரியும். சுவரின் ஒட்டடையும் சொந்த முகத்தின் சுருக்கமும் ஒரே நாளில் கண்ணில் படும்.

நான் சிரித்துவிட்டேன். "42 வயசுலேர்ந்து மாசம் தவறாம டை அடிக்கிறீங்களே, நான் சிரிச்சேனா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன். 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு' என்று பெண்களுக்குப் புத்தி சொல்லும் கூட்டத்தில் அன்றோடு நான் இல்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் சாயத்தோடு உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். என் கோபம் வேறு இடத்தின் மேல்.

ஊருக்குள் புதிதாக முளைத்த ஒரு ஸ்கின் கிளினிக்குக்கு மருமகளோடு போனாள். ஏ.சி., கண்ணாடிக் கதவு, குடிக்க கிரீன் டீ. முகத்தைப் படம் எடுத்து டிவி அளவு திரையில் பெரிதாக்கிக் காட்டினார்களாம். அப்படிப் பெரிதாக்கினால் பச்சைக் குழந்தையின் முகம்கூடக் காய்ந்த ஏரி மாதிரிதான் தெரியும். "இதைக் காக்கைக் கால்னு சொல்வாங்க ஆன்ட்டி, இப்பவே பார்க்கலேன்னா ஆழமாயிடும்" என்றாளாம் கவுன்சிலர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்த பெண். ஊசி, ஃபில்லர், லேசர் மூன்றும் சேர்த்து 65,000 ரூபாய், இன்றைக்கே புக் செய்தால் தள்ளுபடி, இ.எம்.ஐ. உண்டு. இவள் 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வந்தாள்.

கண் ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. இதயத்துக்காக அவள் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறாள், அதையும் கேட்கவில்லை. டாக்டர் எங்கே என்று மருமகள் கேட்டதற்கு, "பேக்கேஜ் புக் பண்ணினப்புறம் பார்ப்பாங்க" என்று பதில். ஜவுளிக்கடையில்கூடத் துணியைக் காட்டிவிட்டுத்தானே பில் போடுகிறான்?

அந்த ஊசி என்ன என்று படித்துப் பார்த்தேன். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு, பொட்டுலினம். அதை மிக மிகக் குறைந்த அளவில் மருந்தாக்கியிருக்கிறார்கள். முதலில் அது கண் வைத்தியம்தான். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் மருத்துவர், இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களுக்குப் புருவ நடுவில் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார். கண்ணோரக் கோடுகளுக்கு அங்கே அனுமதி வந்தது 2013இல். ஆக, மருந்து மோசமானதில்லை. தெரிந்த கை போட்டால் வேலை செய்யும். ஆனால் மூன்று நான்கு மாதம்தான். பிறகு மறுபடி ஊசி, மறுபடி பணம். இந்தக் கணக்கு அந்தப் பேக்கேஜ் தாளில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று: கண்ணோரத்தில் எந்தத் தசையைத் தளர்த்துகிறார்களோ, இமையை மூடுவதும் அதே தசைதான். கூடக்குறையத் தளர்ந்தால் இமை சரியாக மூடாது, கண் உலரும். புரை எடுத்த கண்ணில் உலர்ச்சி ஏற்கெனவே சகஜம். ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. லேசர் நம் மாநிறத் தோலில் கருந்திட்டு விட்டுப்போகக்கூடும். இப்போதுதான் பார்வை கிடைத்து 'கோடு தெரியுதே' என்று வருத்தப்படுகிறவளிடம் இதில் ஒரு வரிகூடச் சொல்லாமல் பணம் வாங்குகிறார்கள். இதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பிறகு அவளை ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். "சிரிங்கம்மா" என்றார், பிறகு "சும்மா இருங்க" என்றார். சிரிக்கும்போது மட்டும் விழும் கோடு தசையால் வருவது, ஊசிக்கு அது கேட்கும். சும்மா இருக்கும்போதும் நிற்கும் கோடு பெரும்பாலும் வெயிலும் வயதும் சேர்ந்து போட்டது, அதற்கு ஊசி அவ்வளவாகக் கேட்காது. இவளுக்கு இரண்டாவது வகைதான் அதிகம். பகலில் சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை, இரவில் ஒரு ரெட்டினாய்டு கிரீம், அதுவும் வாரம் இரண்டு நாள், கண் இமையில் படாமல். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இதெல்லாம் பார்த்துட்டு ஊசியும் வேணும்னா, கண் டாக்டர் சரின்னு சொன்னப்புறம் வாங்க, போடறேன்" என்றார். அதுதான் பேச்சு! வேண்டாம் என்று தடுக்கவுமில்லை, வேண்டும் என்று தள்ளவுமில்லை.

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் காட்டவேண்டும் என்று 2002ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அந்த 5,000 ரூபாய் ரசீதை எடுத்துப் பார்த்தேன். அழகான லோகோ, தாமரைப் பூ, இன்ஸ்டாகிராம் முகவரி எல்லாம் இருந்தது. மருத்துவர் பெயரே இல்லை, அப்புறம் எண் எங்கே?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரீஃபண்ட் கிடையாதாம், கிரெடிட் நோட் தருவார்களாம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். வேண்டுமானால் ஃபேஷியல் செய்துகொள்ளலாமாம், "சார் நீங்ககூட வரலாம்." எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. மனைவி சன்ஸ்கிரீன் போட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. எனக்கும் ஒரு டியூப் வாங்கி வைத்திருக்கிறாள்.