துப்பு மெதுவாகத் துலங்கட்டும்!

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) பார்த்துவிட்டு, "அதே மாதிரி வேறு படங்கள் உண்டா?" என்று கேட்கிறார் ஒரு வாசக நேயர். உண்டு, ஸ்வாமி!

முதலில் அந்தக் கொரியப் படத்தைப் பற்றியே ஒரு வார்த்தை. 1986-ல் தொடங்கிய ஹ்வாசோங் கொலைகள்தான் விஷயம். போலீஸார் யாரையாவது பிடித்து வருகிறார்கள். 'ஒப்புக்கொள்' என்று உதைக்கிறார்கள். வெறும் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். நிஜத்திலும் அந்த வழக்குகளில் ஒன்றில் நிரபராதி ஒருவர் சுமார் 20 வருஷம் சிறையில் கிடந்தார்! உண்மைக் குற்றவாளி இன்னாரென்று 2019-ல்தான் தெரிந்தது. காலக்கெடு தாண்டிவிட்டதால் அந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க வழியில்லை. மற்றவரை நிரபராதியென்று கோர்ட் சொன்னது 2020-ல்.

அமெரிக்கப் படம் 'ஸோடியாக்' (2007). கொலைகாரன் பத்திரிகைக்கே கடிதம் எழுதுகிறான். அங்கே கார்ட்டூன் போடுகிறவர் துப்புத் தேடித் தேடிக் குடும்பத்தையே மறந்து போகிறார். குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

என் ஓட்டு, குரோஸவாவின் ஜப்பானியப் படமான 'ஹை அண்ட் லோ'வுக்குத்தான் (1963). செருப்புக் கம்பெனி அதிகாரியின் மகனென்று நினைத்து டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான் ஒருவன். பிள்ளை தம்முடையதல்ல, கேட்கும் பணமோ தம் சொத்து முழுவதும். கொடுப்பாரா? பாதிப் படம் வீட்டு ஹாலைவிட்டு நகருவதில்லை. பிறகு போலீஸார் கிளம்புகிறார்கள், தடியை எடுக்காமல்! டெலிபோன் பேச்சைப் பதிவு செய்த டேப்பில் லேசாக ஒரு ரயில் சத்தம். அது எந்த லைன் ரயில் என்று கண்டுபிடிக்கிறார்கள் பாருங்கள், அந்தக் கட்டத்தில் உங்கள் காப்பி ஆறிப் போனால் நான் பொறுப்பல்ல.