மீடியம் தெளிந்திருந்தால் போதுமா?

மூலிகைச் சாறு புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று மாதம் ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. கிண்டியில் ஒரு செல் கல்ச்சர் அறையைப் பார்த்துக்கொள்பவள் நான். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அந்தச் செல்களுக்கு மைக்கோபிளாஸ்மா சோதனை செய்தார்களா?

சாதாரண பாக்டீரியா புகுந்தால் மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். செல் வளரும் திரவமான மீடியம் கலங்கி, அதன் சிவப்பு மஞ்சளாகும். குடுவையை ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மைக்கோபிளாஸ்மாவும் பாக்டீரியாதான். ஆனால் அதற்குச் செல்சுவர் கிடையாது. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மீடியம் பளிச்சென்றே இருக்கும், செல்லும் வளரும். ஹீலா என்ற புற்றுநோய் செல்களில் இது இருப்பதை 1956-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கிய குடுவையோடு வரும். செல்லைக் கையாளும் ஹூடுக்கு முன்னால் அரட்டையடிப்பவர் வாயிலிருந்தும் வரும்.

மூலிகை ஆய்வுகளில் எல்லோரும் செய்வது எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் உப்பை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. மைக்கோபிளாஸ்மா இருந்தால் அந்த நிறமே நம்பத்தக்கதல்ல. "அதான் பென்-ஸ்ட்ரெப் போடுறோமே மேடம்" என்பார்கள். பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த அந்த மருந்து மற்ற கிருமிகளை அடக்கிவைப்பதால், கவனக்குறைவுகூட வெளியே தெரியாமல் போகிறது.

தடுப்பூசி விஷயத்தில் இப்படி விடுவதில்லை. இதே கிண்டியில் 1948 முதல் இருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகத்தின் உரிமத்தை, உற்பத்தி நெறிமுறைகள் சரியில்லை என்று 2008 ஜனவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. குன்னூர், கசௌலி தடுப்பூசி நிறுவனங்களுக்கும் அதே கதி. 2010-ல்தான் தடை நீங்கியது. இருந்த ஆலைகளை மூடியது சரியா என்பது வேறு சண்டை (மூடியதில் எனக்கு உடன்பாடில்லை). ஆனால் தடுப்பூசிக்கு 14 நாள் கிருமிச் சோதனை கட்டாயம். முனைவர் பட்டத்துக்கோ, செல்லுக்கு மைக்கோபிளாஸ்மா சோதனை செய்ததாக ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். செல்லை வாங்கியபோது வந்த பழைய சான்று போதாது. பரிசோதனை நடந்த காலத்தில் எடுத்த முடிவு ஆய்வேட்டில் இருக்க வேண்டும். மைக்கோபிளாஸ்மாவின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒரு நாள் வேலை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு பொதுச் சோதனை அறை இருந்தாலே போதும். செலவை மட்டும் மாணவரின் உதவித்தொகையில் கைவைத்து எடுக்கக் கூடாது.