ஆகாபின் கீரைக்கொல்லை

போன வருஷம் அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாள். பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள். வேம்பும் புங்கனும். பூமி நம் எல்லோருக்கும் பொது வீடு என்று சாமியார் அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தார். நல்ல பிரசங்கம்தான், கிண்டலுக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என் காதோரம் கேட்டார்: "பொது வீடுன்றாரு. பொதைக்கிற எடம் மட்டும் ரெண்டா இருக்குதே, அது எப்பிடிப்பா?"

எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். நடுவில் நிற்கிற சுவர் அதை இரண்டாக்கி வைத்திருக்கிறது. சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் ஒரே சாம்பல். எல்லோரும் மண்தான் என்று ஒரே வாய்ப்பாடு. மண்ணுக்குள் போகிறபோதுதான் சாதி வந்து குறுக்கே நிற்கிறது. எங்கள் ஊரோடு முடிகிற கதையில்லை இது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி.

கன்றோடு ஒரு படமும் கொடுத்தார்கள். அசிசியாரின் தோளில் குருவி, காலடியில் ஓநாய். இந்தப் படம்தான் இன்று சூழலியல் ஆன்மிகத்தின் முகம். 1967இல் லின் ஒயிட் என்கிற வரலாற்றாசிரியர், இயற்கையை ஆளப் பிறந்தவன் மனிதன் என்கிற கிறித்தவப் பார்வையில்தான் சூழல்கேட்டின் வேர் இருக்கிறது என்று எழுதினார். அதே கட்டுரையில் மாற்றாக அசிசியாரைக் காட்டினார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். எல்லாம் சரி. ஆனால் 1226இல் சாவதற்கு முன் அசிசியார் விட்டுப்போன மரண சாசனம் குருவியிலிருந்து தொடங்கவில்லை. தொழுநோயாளிகளிடமிருந்து தொடங்குகிறது. பார்க்கவே கூசி ஒதுங்கிய அந்த மனிதர்களிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தன் வாழ்க்கை திரும்பியது என்கிறார். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த நாட்டுச் சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனை அண்ணன் என்றும் தண்ணீரைத் தங்கை என்றும் அவர் பாடியது அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. முதலில் தீட்டை உடைத்தார், பாட்டு பின்னால் வந்தது. நம் திருச்சபை பாட்டை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு படம் அச்சடிக்கிறது.

பைபிளிலும் இப்படி ஒரு பச்சைப் பிரியன் உண்டு. ஆகாபு ராஜா. அரசர்கள் முதல் நூல், 21ஆம் அதிகாரம். அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அவன் கேட்டது எதற்கு? கீரைக்கொல்லை போட. மாற்று நிலம் தருகிறேன், இல்லாவிட்டால் பணம் தருகிறேன் என்கிறான். பாட்டன் பூட்டன் சொத்து, தரமாட்டேன் என்கிறான் நாபோத்து. ராணி ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி முத்திரை குத்துகிறாள். இரண்டு பொய்ச்சாட்சி. நாபோத்தை ஊருக்கு வெளியே இழுத்துப்போய்க் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். கடிதம், முத்திரை, சாட்சி எல்லாம் முறைப்படி. நம்ம ஊர் பட்டா மாறுகிற கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சூழலியல் ஞாயிறன்று இந்த வாசகத்தை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், 1892இல் வந்த அரசாணையும் பஞ்சமி நிலத்தை உண்டாக்கின. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்தில் செங்கல்பட்டுப் பக்கம் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற இரண்டு மிஷனரிகள், மிராசுதார்களின் எதிர்ப்பை மீறி, தரிசு நிலம் சேரி மக்களுக்குக் கிடைக்க தர்க்காஸ்து மனுவோடு அரசாங்கத்திடம் வாதாடினார்கள். ஆள் சேர்க்கிற கணக்கும் அவர்களுக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு தர்க்காஸ்து மனு ஜெபத்துக்குச் சமமாக இருந்த காலம் அது. அதே நிலத்துக்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு கிறித்தவப் பெயர், ஒரு இந்துப் பெயர். மண் கேட்டவர்களைச் சுட்ட குண்டு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. படைப்பைக் காக்கிற ஆன்மிகத்துக்கு இரத்தசாட்சி வேண்டுமென்றால் இங்கே தேடுங்கள்.

இனி நம் தோழர்களுக்கு. 'சுற்றுச்சூழலெல்லாம் மேட்டுக்குடிச் சங்கதி, நமக்கெதுக்கு' என்று கூட்டங்களில் பேசுவதை நிறுத்த வேண்டும். பாலாற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். வேலூர் மாவட்டத் தோல் ஷாப்புகள் பற்றி 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவனே இழப்பீடு தர வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்ற கால் யாருடையது? கெட்டுப்போன கிணற்றுக்கு மாற்றுக் கிணறு இல்லாதவன் யார்? விஷம் முதலில் வந்து சேருகிற இடத்தில் குடியிருக்கிறவன், சூழல் அரசியலை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

அதற்காக 'தலித்துகள் இயற்கையோடு இயைந்து வாழ்பவர்கள்' என்று இறையியல் கருத்தரங்குகளில் சிலர் உருகுகிறார்களே, அதையும் ஏற்க முடியாது. நாங்க சேத்துல நிக்கிறது கூலிக்கு. தியானத்துக்கு இல்ல. குழி வெட்டுகிறவனுக்கு மண்ணின் மணம் நன்றாகவே தெரியும். அந்த மண்ணில் ஒரு சென்ட் அவன் பேரில் இல்லை என்பதும் தெரியும். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த பறட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு இந்த இடத்தில் தெளிவாக இருந்தார். 'ஒரே உலை' என்று அவர் பேசியது மண்வாசனையைப் பற்றியல்ல, ஒரே பானையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து தின்பதைப் பற்றி. சோறு பொதுவானால்தான் சாமியும் பொது.

மறைந்த போப் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவ்தாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரித்துக் கேட்கக் கூடாது என்கிறது. எங்கள் பங்கில் கன்று கொடுத்ததே அந்த மடலைச் சொல்லித்தான். ஆகவே இளைஞர்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு பங்குப் பேரவைக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறோம். இந்த அக்டோபருக்குக் கன்று வாங்க வேண்டாம். கல்லறைச் சுவரை இடிக்க அனுமதி வேண்டும். கூலி கேட்கவில்லை, கடப்பாறை எங்களிடமே இருக்கிறது. இடித்த இடத்தில் நட போன வருஷத்துக் கன்று நாலைந்து பெரியம்மா வீட்டு வாசலில் பிழைத்துக் கிடக்கிறது.

மனு கொடுத்து நாலு மாசம் ஆகிறது. பதில் இல்லை. 'ஊர்ல பிரச்சன வரும் தம்பி' என்று பேரவைச் செயலாளர் வாய்வழியாக மட்டும் சொன்னார். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.