யாருக்கு நூறு சதவீதம்?

சாத்தூர் காராச்சேவு 150 கிராம் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை சாப்பிடும் அளவு 30 கிராம் என்று தயாரிப்பாளர் தீர்மானித்துவிட்டால், பக்கத்துக் கட்டத்தில் தெரிவது 12 சதவீதம்தான். ஆனால், பாக்கெட்டைப் பிரித்தவர் யாரும் 30 கிராமை நிறுத்து எடுத்துவிட்டு மீதியை மடித்து வைப்பதில்லை. முழுதும் தின்றால் 1,200 மில்லிகிராம். ஒரு நாளைக்கான 2,000 மில்லிகிராம் வரம்பில் 60 சதவீதம். குழம்பிலும் ஊறுகாயிலும் சேர்கிற உப்பு தனிக்கணக்கு. அச்சிட்ட எண் பொய்யில்லை. அதைப் படிப்பவர்தான் ஏமாந்துபோகிறார்.

இந்தச் சதவீதங்களுக்கு அடிப்படை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள். சராசரிப் பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று அவை கணக்கு வைக்கின்றன. அதே பாக்கெட்டைத் தின்னும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சத்து மாத்திரைக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சோடியத்தில் நூறு சதவீதம் என்பது தாண்டக் கூடாத கோடு. இரும்புச்சத்தில் அதுவே எட்ட வேண்டிய அளவு. அதுவும் யாருக்கு? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. அமெரிக்க லேபிள் கணக்கோ பொதுவாக 18. ஆணின் அளவை வைத்து ‘100%’ என்று போட்ட மாத்திரை, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஏறத்தாழ 66 சதவீதம்தான். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த வித்தியாசத்தைச் சில்லறை என்று தள்ள முடியாது.

லேபிளை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்று விதி சொல்லும்போது சாத்தூரில் யார் படிப்பார்கள்? கடையில் தாளில் மடித்துத் தரும் காராச்சேவுக்கு லேபிளே கிடையாதே என்பதும் உண்மைதான். அது கண்ணெதிரே வேகிற பண்டம்; அதைச் சுற்றி எந்த ஆரோக்கிய விளம்பரமும் இல்லை. முழுப் பாக்கெட்டுக்கான அளவையும் தமிழில் அச்சிடச் சொன்னால் சிறு தயாரிப்பாளருக்குச் செலவு கூடும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், புதிதாக எந்தப் பரிசோதனையும் கேட்கவில்லை. ஏற்கெனவே அச்சிடும் எண்ணைப் பாக்கெட் எடையால் பெருக்கிப் போடச் சொல்கிறோம். பக்கத்துச் சிவகாசியில் பல மொழிகளில் லேபிள் அடிக்கிறார்கள். அங்கே தமிழில் ஒரு வரி கூடுதலாக ஏற்றுவது பெரிய காரியமா?

பாக்கெட்டின் முன்பக்க எச்சரிக்கை குறித்து நிபுணர் குழுவின் பரிந்துரையைப் பெற்று முடிவெடுக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கால அவகாசம் விதித்து உத்தரவிட்டது. சிலி நாடு 2016இலேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கொண்டுவந்துவிட்டது. முழுப் பாக்கெட்டுக்கான உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவை முன்பக்கத்தில், அந்தந்த மாநில மொழியில் போட வேண்டும். சத்து மாத்திரையில் ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆணையம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நீங்கள் சதவீதக் கட்டத்தை விட்டுவிட்டு, ‘100 கிராமில்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்குள்ள சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் அந்த 100 கிராமில் உள்ள உப்பின் அளவு வந்துவிடும்.