முயல் சொன்ன சாட்சி, குறுக்கு விசாரணை எங்கே?

ஒரு நெல்மணி முற்றும்போது உள்ளே பெரிய தொழிற்சாலையே ஓடுகிறது. குளூட்டெலின் என்ற சேமிப்புப் புரதம் மூட்டை மூட்டையாகத் தயாராகும். நீளமான நூல் மாதிரி வரும் அதைச் சரியாக மடித்து, கந்தக அணுக்களுக்கு நடுவே சரியான இடத்தில் முடிச்சுப் போடணும். முடிச்சு இடம் மாறினால் மொத்தமும் சிக்குதான். இந்த வேலையைப் பார்க்கும் நொதியின் பெயர் புரோட்டீன் டைசல்ஃபைடு ஐசோமரேஸ். (வாய் வலிக்கும். பி.டி.ஐ. என்றாலே போதும்.) 1963-ல் முதலில் எலியின் கல்லீரலில் பிடிபட்ட ஆள் இவர். செடிகளிலும் இருக்கிறார், அதுவும் கூட்டுக் குடும்பமாக!

விதைக்குள் இவர் எங்கே, எவ்வளவு என்று பார்க்க ஆய்வகங்கள் நம்புவது ஆன்டிபாடியை. நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, முயலுக்கு ஊசி போட்டு, சில வாரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். விதையை அரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, மேலே அந்த ஆன்டிபாடியை ஊற்றினால் ஒட்டிய இடத்தில் பட்டை விழும். பட்டை விழுந்தால்? "நொதி இருக்கிறது" என்று கட்டுரையில் ஒரு படம். அவ்ளோதான்!

இங்கேதான் வயிறு எரிகிறது. குடோனுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், வாட்ச்மேன் தலையாட்டினார் என்று ஸ்டாக் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாராவது விடுவார்களா? முயல் தலையாட்டினால் மட்டும் ஏன் விடணும்?

முயல் பொய் சொல்ல விதையில் வழிகள் ஏராளம். முதல் வழி சொந்தக்காரர்கள். 2005-ல் எடுத்த கணக்குப்படி நெல்லில் பி.டி.ஐ. குடும்பத்து மரபணுக்கள் 19, அராபிடாப்சிஸில் 22. முகஜாடை ஒன்றுபோல இருக்கும். அண்ணனைப் பிடிக்கத் தயாரித்த ஆன்டிபாடி தம்பியையும் பிடிக்கலாம். அதனால் என்ன என்று கேட்க முடியாது. நெல்லில் பி.டி.ஐ.எல்.1;1 எண்டோபிளாச வலைக்குள் பரவிக் கிடக்கிறது, பி.டி.ஐ.எல்.2;3 புரோலமின் நிறைந்த புரத உருண்டையின் மேற்பரப்பில் உட்காருகிறது என்று 2011-ல் ஜப்பானில் வந்த ஆய்வு காட்டியது. இடமும் வேறு, வேலையும் வேறு. ரெண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் ஆன்டிபாடி அந்த ஆய்வையே குட்டிச்சுவராக்கியிருக்கும்.

அடுத்தது சர்க்கரை. நொதியைச் செடியிலிருந்தே பிரித்து ஊசி போட்டால், அதில் ஒட்டியிருக்கும் சைலோஸ், ஃபியூகோஸ் சர்க்கரைகள் முயலுக்கு அந்நியம். அந்த ஆன்டிபாடி சர்க்கரை ஒட்டிய எந்தச் செடிப் புரதத்தையும் பிடிக்கும். போதாக்குறைக்கு முயல் தின்பதே தழையும் தானியமும். ஊசி போடும் முன்பே அதன் ரத்தத்தில் செடிப் புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருப்பதுண்டு. அதனால்தான் ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தையும் கூடவே சோதிக்கணும் என்பது. எத்தனை கட்டுரைகளில் அந்தப் படம் போடுகிறார்கள்? தேடிப் பாருங்கள், கண் வலிக்கும்.

"எடை சரியா இருக்கே" என்பார்கள். சரி. நெல்லின் பி.டி.ஐ. ஐம்பத்தைந்து, அறுபது கிலோடால்டன் பக்கம். குளூட்டெலினின் முன்வடிவம் 57! மலையாகக் குவிந்திருக்கும் சேமிப்புப் புரதமும் தேடும் நொதியும் பக்கத்துப் பக்கத்து வீடு. எடை இங்கே என்னத்தைச் சாட்சி சொல்லும்?

ஒழுங்காகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. கியூஷூ பல்கலைக்கழகத்தில் வேதிப்பொருள் கொண்டு உண்டாக்கிய நெல் திடீர்மாற்றங்களில் ஒன்று இ.எஸ்.பி.2. அதன் விதையில் அந்த பி.டி.ஐ. கிடையாது என்று 2002-ல் வெளியானது. முடிச்சுப் போட ஆள் இல்லாததால் குளூட்டெலின் முன்வடிவம் தேங்கி, புரோலமினோடு தப்புத் தப்பாக முடிச்சு விழுந்து கட்டியாகிவிடுகிறது. நொதி எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். சாதா நெல்லுக்குப் பக்கத்தில் இதையும் ஓட்டினால் போதும். இதிலும் பட்டை விழுந்தால் ஆன்டிபாடி பொய்! பட்டை தடித்துவிட்டால் அது பிடிப்பது குளூட்டெலினையோ என்று சந்தேகப்படலாம்.

இப்போது காசு. 2015-ல் நேச்சர் இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட கட்டுரை, மோசமான ஆன்டிபாடிகளால் உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 80 கோடி டாலர் வீண் என்று மதிப்பிட்டது. 2023-ல் ஒரு குழு 65 மனிதப் புரதங்களுக்கு விற்பனையில் இருந்த 614 ஆன்டிபாடிகளை, அந்தப் புரதமே இல்லாத செல்களை வைத்துச் சோதித்தது. குறி தவறும் ஆன்டிபாடியை நம்பி எழுதிய கட்டுரைகள் புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு! பெரிய சந்தை உள்ள மனிதப் புரதத்துக்கே இந்தக் கதி. வாங்க ஆளே குறைவான விதை நொதிக்கு யார் சோதனை செய்து தருவார்கள்? விலங்கு பி.டி.ஐ.க்குத் தயாரித்ததை "செடியிலும் வேலை செய்யும்" என்ற ஒரு வரியை நம்பி வாங்குவதும் நடக்கிறது.

இன்னொரு கூத்து, முயல் செத்தால் சரக்கு காலி. அடுத்த முயலின் ரத்தம் வேறு சரக்கு, லேபிள் மட்டும் அதே. மூலப்பொருள் மாறியும் பழைய ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்றால் சும்மா விடுவோமா என்ன? 2015 கட்டுரை கேட்டதும் இதற்கு மாற்றுத்தான்: ஆன்டிபாடியின் அமினோ அமில வரிசையைத் தெரிந்துகொண்டு, மரபணு வழியாக அதையே திரும்பத் திரும்பத் தயாரிப்பது. 2023 சோதனையிலும் அப்படித் தயாரித்தவைதான் முந்தின.

"எல்லாச் செடிக்கும் இ.எஸ்.பி.2 மாதிரி விதை கிடைக்குமா?" என்ற கேள்வி நியாயம். சோயாவில், ஆமணக்கில் அது சுலபமில்லை. ஆனால் குடும்பத்து நொதிகளைத் தனித்தனியாக பாக்டீரியாவில் தயாரித்து, ஒரே தாளில் வரிசையாக வைத்து, ஆன்டிபாடி யார் யாரைப் பிடிக்கிறது என்று பார்க்கலாமே? முயலுக்கு ஊசி போட நொதி தயாரித்த அதே கைகளுக்கு இது தெரியாத வித்தை இல்லை. இந்த ஒரு படம் இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தால், அடுத்த மாதமே அத்தனை ஆய்வகத்திலும் அந்தப் படம் தயாராகிவிடும்.