விசாரிச்சுட்டோம்: நாலு மாசம் தூங்குற காரில் பெட்ரோல் கெட்டுப்போகுமா?

கார்த்திகை முடிவதற்குள் எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் டொரன்டோவிலிருந்து கும்பகோணம் வந்துவிடுவார்கள். பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்ததும் ஃப்ளைட் ஏறிவிடுவார்கள். அந்த நான்கு மாதமும் அவர்களுடைய கார் அங்கே வீட்டு கராஜில் நிற்கும்.

போன தடவை திரும்பிப் போனதும் ஷாக். பெரியம்மாவின் கண் பரிசோதனைக்குக் கிளம்பினால், கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. அப்பாயின்ட்மென்ட் போச்சு. 'குளிர்ல பெட்ரோல் கெட்டுப்போச்சு' என்று தீர்ப்பே எழுதிவிட்டார் பெரியப்பா. இந்த வருஷம் கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் கால்.

"நீ பத்திரிகையிலதானம்மா இருக்கே... விசாரிச்சுச் சொல்லேன். டேங்க்கைக் காலி பண்ணிட்டு வரட்டுமா, ரொப்பிட்டு வரட்டுமா?"

விசாரிச்சுட்டோம் மக்களே!

குளிரில் பெட்ரோல் உறையுமா?

உறையாது. மைனஸ் 20 டிகிரியிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். சொல்லப்போனால், குளிர் அதற்கு நல்லதுதான். ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு மெதுவாகப் புளிப்பது மாதிரி, குளிரில் பெட்ரோலும் மெதுவாகத்தான் கெடும்.

அப்போ எதுதான் கெடுக்குது?

மூன்று விஷயங்கள். ஒன்று, ஆவியாதல். பெட்ரோலில் சட்டென்று தீப்பிடிக்கும் லேசான பொருள்கள்தான் முதலில் ஆவியாகும். அவை குறைந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆவது கஷ்டம். இரண்டு, காற்று. ஆக்சிஜனோடு சேர்ந்து நாளாக ஆக, பெட்ரோலில் பிசின் மாதிரி ஒன்று உருவாகி, இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கும். மூன்று, தண்ணீர்.

தண்ணீர் எப்படி வரும் என்கிறீர்களா? பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். 10% எத்தனால் உள்ள 40 லிட்டர் பெட்ரோல், சுமார் 200 மில்லி தண்ணீர்வரை தனக்குள் கலந்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். குளிர் கூடினால் இந்த 200 மில்லி கணக்கும் குறையும்.

பயப்பட வேண்டாம். இப்போதைய கார்களில் டேங்க் நன்றாக மூடப்பட்டிருப்பதால் காற்றும் ஈரமும் உள்ளே போவது குறைவு. 3 முதல் 6 மாதம் வரை பெட்ரோல் தாக்குப்பிடிக்கும் என்பது பொதுவான கணக்கு. கார்புரேட்டர் உள்ள பழைய பைக், புல்வெட்டும் மெஷின் போன்றவற்றில்தான் சீக்கிரம் அடைப்பு வரும்.

காலியா, ஃபுல்லா?

ஃபுல்தான் பெரியப்பா! டேங்க்கில் காலியிடம் குறைந்தால் காற்றும் குறையும், ஈரமும் குறையும். அங்கே கடைகளில் 'ஃப்யூல் ஸ்டெபிலைசர்' கிடைக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றி, பிறகு டேங்க்கை நிரப்பி, பத்து நிமிஷம் ஓட்டினால் அது இன்ஜெக்டர் வரை போய்ச்சேரும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்... கெடாமல் இருக்கத்தான் அது உதவும். கெட்டுப்போனதை நல்லதாக்காது.

"பக்கத்து வீட்டுப் பையன் வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்னான்..."

இதைக் கேட்டதும்தான் எனக்குப் பதறியது. மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாத விஷ வாயு. உயிரையே எடுத்துவிடும். தவிர, ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதால் காருக்கும் லாபம் இல்லை. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது.

பேட்டரி என்றதும்தான் கேட்கத் தோன்றியது. "போன தடவை மெக்கானிக் எதை மாத்தினார் பெரியப்பா?"

"பேட்டரியை."

"பெட்ரோலை?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதே பெட்ரோல்லதான்மா அப்புறம் ஓடுச்சு!"

மாதக்கணக்கில் நிற்கும் காரில் பெரும்பாலும் முதலில் படுப்பது பேட்டரிதான். அதன் இணைப்பைக் கழற்றிவிட்டு வருவது, இல்லையென்றால் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜரை மாட்டிவிட்டு வருவது... ரெண்டில் ஒன்று போதும்.

நம்ம ஊர்ல?

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா கிளம்பும் அப்பா, அம்மாக்களே... உங்கள் கார் நிற்பது நம்ம ஊர் வெயிலில். பெட்ரோலும் 20% எத்தனால் கலந்தது. டொரன்டோ குளிர் கொடுக்கும் சலுகை இங்கே கிடையாது. நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் புது பெட்ரோலைச் சேர்த்து நிரப்புங்கள். வண்டி திணறினாலோ, இன்ஜின் லைட் எரிந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டியூபை வாயில் வைத்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பெரியப்பா டேங்க்கை ரொப்பி, பேட்டரியைக் கழற்றிவிட்டார். பையனுக்கு 'வேண்டாம் தம்பி' என்று சொல்லியாச்சு. போனை வைக்கும் முன் பின்னாலிருந்து பெரியம்மா குரல்: "ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணிட்டு வரணுமான்னு கேளுங்க!"

அடுத்த வாரம், பெரியம்மா!