ஒற்றை ஈயின் வழிவந்தவை

கனிந்த வாழைக்குலையைச் சுற்றிப் பறக்கும் சிற்றுயிரை எமது ஊரில் கொசு என்போம். தமிழகத்தார் கொசு என்பதோ எமக்கு நுளம்பு. எனவே மயக்கம் நேராதிருக்க, இங்கு அதனைப் பழ ஈ என்றே எழுதுகின்றோம். அடுப்படியில் கைவீசி விரட்டப்படும் இந்தப் பழ ஈ, அறிவியலில் பெரும் புகழ் பெற்றது. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் மோர்கன் என்பார் அதனைப் போத்தல்களில் வளர்த்து, பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளைச் சென்றடையும் வழியை ஆராய்ந்தார். 1933 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறப்புரிமையியல் என்னும் துறையின் அடித்தளங்களுள் ஒன்று இந்த ஈயின்மேல் எழுந்ததாகும்.

இவ்வாரம் நாம் சொல்ல முனைவது அந்த ஈயைப் பற்றியன்று. அதன் உறவினரைப் பற்றியது. பசுபிக் மாகடலின் நடுவே, அண்மையிலுள்ள பெருநிலத்திலிருந்து 3,500 கிலோமீற்றருக்கும் அப்பால், ஹவாய்த் தீவுகள் கிடக்கின்றன. அவை எக்காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருந்தவை அல்ல. கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்தவை. ஆகவே அங்கு வாழும் ஒவ்வோர் உயிரின் முன்னோரும் காற்றாலோ, கடலாலோ, பறவையாலோ, மனிதராலோ வந்து சேர்ந்தவரே. அத்தீவுகளுக்கே உரிய பழ ஈ உறவினங்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. இன்னும் பெயரிடப்படாதனவற்றையும் சேர்த்தால் ஆயிரம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. சிறகில் கரும்புள்ளிக் கோலம் கொண்ட ஒரு பிரிவு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை உடையது. அவற்றுட் சில வீட்டு இலையானளவு பெரியவை.

இத்தனை சிறிய நிலப்பரப்பில் இத்தனை இனங்கள் எவ்வாறு தோன்றின? எல்வுட் சிம்மர்மன் என்ற பூச்சியியல் அறிஞர் 1958 இல் இவ்வினாவை ஓர் அறைகூவலாகவே அறிவியல் உலகின் முன் வைத்தார். 1963 இல் ரெக்சாஸ், ஹவாய்ப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் கூட்டாக ஆய்வைத் தொடங்கினர். வில்சன் ஸ்ரோன், எல்மோ ஹார்டி ஆகியோர் அதனை முன்னின்று நடத்தினர். ஹம்ரன் கார்சன் என்னும் பேராசிரியர் அதில் பெரும்பங்கு கொண்டார்.

முதல் இடர் ஈக்களை வளர்ப்பதிலேயே எழுந்தது. மோர்கனின் ஈ எதையும் உண்ணும்; பத்து நாளளவில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஹவாய் ஈக்களோ உண்பதில் கண்டிப்பானவை. ஓரினத்தின் புழு ஒரு மரத்தின் அழுகிய பட்டையிலும், மற்றோரினத்தின் புழு வேறொரு மரத்தின் உதிர்ந்த இலையிலும் வளரும். ஒரு தலைமுறைக்கு மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். போத்தலில் வளர்ந்த புழுக்கள் கூட்டுப்புழுப் பருவம் எய்தாது மாண்டன. பின்னரே காரணம் புலப்பட்டது. காட்டில் அவை முதிர்ந்ததும் மரத்தைவிட்டு மண்ணுள் இறங்குபவை. ஈரமணலை வைத்துக் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டன.

அடுத்து, எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று அறியவேண்டும். ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள நிறமூர்த்தங்கள் மிகப் பெரியவை. நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பார்த்தால் அவற்றிற் கருமையும் வெண்மையுமாகக் குறுக்குக் கோடுகள் தெரியும். சில வேளைகளில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். அத்திருப்பம் வழித்தோன்றல்களுக்கும் செல்லும். கலைத்துறை பயின்ற எமக்கு இவ்விடத்தில் சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வருகின்றார். அவர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பழைய நூல்களைப் பதிப்பித்தவர். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவை ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று கொள்ளலாம் அல்லவா? கார்சன் ஈக்களின் நிறமூர்த்தங்களை அவ்வாறே வாசித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களின் உறவுமுறையை வரைந்து காட்டினார்.

அதிலிருந்து வெளிப்பட்ட வரலாறு வியப்புக்குரியது. ஹவாயின் பெருந்தீவுகளுள் கவாய் என்பது வடமேற்கில் உள்ளது. அதன் வயது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள். தென்கிழக்கிலுள்ள ஹவாய்ப் பெருந்தீவுக்குப் பத்து இலட்சம் ஆண்டுகளும் நிரம்பவில்லை. ஈக்களின் பயணம் பெரும்பாலும் பழைய தீவிலிருந்து புதிய தீவை நோக்கியதாகவே அமைந்தது. புயற்காற்றில் அள்ளுண்டு கடல் கடந்து வந்த, கருவுற்ற ஒரேயொரு பெண் ஈ போதும், ஒரு புதிய குடியைத் தொடங்க என்பது கார்சனின் துணிபு. பின்னர் டி.என்.ஏ. ஆய்வுகள், இக்குலத்தின் முதல் மூதாதை ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வந்திருக்கவேண்டும் என்று மதிப்பிட்டன. அப்போது இன்றைய பெருந்தீவுகள் ஒன்றேனும் தோன்றியிருக்கவில்லை. முதலில் வந்திறங்கிய தீவுகள் தேய்ந்து கடலில் அமிழ்ந்துவிட்டன. குடிவந்தவை மட்டும் தீவுக்குத் தீவு தாவி நிலைத்துள்ளன.

1963 இல் மாணவ உதவியாளராக இவ்வாய்வில் இணைந்த கென் கனெசிரோ, பின்னாளில் அதற்கே தலைமை தாங்கினார். ஆண் ஈக்கள் கிளைகளில் இடம்பிடித்து ஒன்றோடொன்று பொருதுவதையும், பெண் ஈக்கள் அவற்றின் ஆட்டத்தை அளந்து துணை தேர்வதையும் அவர் கூர்ந்து நோக்கினார். பழைய தீவின் பெண் ஈ, புதிய தீவின் ஆணை ஏற்க மறுக்கின்றது. புதிய தீவின் பெண்ணோ பழைய தீவின் ஆணையும் ஏற்றுக்கொள்கின்றது. காரணம் என்ன? புதிய இடத்தில் ஆண்கள் மிகச் சிலரே இருந்த காலத்தில், கடுமையாகத் தேர்ந்தவை சந்ததியின்றி மறைந்தன. விட்டுக்கொடுத்தவையே வாழையடி வாழையாக நிலைத்தன. 1976 இல் அவர் வெளியிட்ட இவ்விளக்கம் இன்றும் விவாதிக்கப்படுகின்றது.

இவ்வளவு நெடிய வரலாறு இன்று அறுபடும் நிலையில் உள்ளது. மனிதர் கொணர்ந்த பன்றிகளும் ஆடுகளும் காட்டு மரங்களின் கன்றுகளை அழித்தன. ஹவாயில் இயற்கையாக எறும்பே இருந்ததில்லை. இன்று வெளியிலிருந்து வந்த எறும்புகளும் மஞ்சட் குளவிகளும் ஈக்களை வேட்டையாடுகின்றன. 2006 இல் அமெரிக்க அரசு கோலச்சிறகு ஈக்களுள் 12 இனங்களைப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுள் 11 அழியும் ஆபத்தில் உள்ளவை என அறிவிக்கப்பட்டன. சுத்தியல் போன்று அகன்ற தலையுடைய ஹெற்றரோநியூரா என்ற அரிய ஈயும் அவற்றுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் குறித்து எமது குடும்பங்கள் விழிப்பாயிருத்தல் நன்று. அந்நிய உயிர்கள் வந்து மண்ணுக்குரியவற்றை அழிக்கின்றன என்று பாடசாலையில் பிள்ளைகள் படிப்பார்கள். உயிரியலில் அது உண்மை. ஆனால் அதே சொற்களை எடுத்து மனிதர்மேல் எறிவோரும் உளர். மத்தியதரைக் கடலைக் கடந்து வந்தோரைக் குறிக்க, 2015 இல் அன்றைய பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன் பூச்சித்திரளுக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லை ஆண்டார். அதற்காகக் கண்டிக்கவும் பட்டார். மறுமொழி அறிவியலிலேயே உண்டு. ஈக்கள் ஆயிரம் இனம். மனிதர் ஒரே இனம். கண்டங்கள் வேறாயினும், நிறங்கள் வேறாயினும், ஒருவரையொருவர் மணந்து மக்களைப் பெற்று வாழ வல்லவர். குளவிக்கும் ஈக்கும் உள்ள பகை இரு நாட்டு மனிதருக்கிடையே இயற்கை வகுத்ததன்று. இதனைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பறையில் யாரேனும் ஏளனமாகப் பேசும்போது அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

பெற்றோருக்கு மற்றுமொரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களே உண்டு என்று எண்ணுகின்றோம். துன்பப்பட்டு வந்தவர்கள் நாம். பிள்ளைகளின் வாழ்வு உறுதியாக அமையவேண்டும் என்ற ஏக்கம் இயல்பே. எனினும், பூச்சியைப் பற்றிப் படிக்கப் போகின்றேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், “ஈ ஓட்டவா இத்தனை பாடுபட்டு வந்தோம்?” என்று கேட்டுவிடாதீர்கள். ஓர் ஈயின் நிறமூர்த்தத்தில், அமிழ்ந்துபோன தீவுகளின் வரலாற்றையே படித்தறிந்த மனிதர்கள் இருக்கின்றார்கள். அவ்வரலாறு அழியுமுன் படித்துப் பதிந்துவைக்க இன்னும் பலர் வேண்டும். அவர்களுள் எமது பிள்ளை ஒன்றும் இருக்கட்டுமே.